ஜூலைப் பரீட்சை

தோற்பதற்கென்றே தயாராகிப் பரீட்சைக்குப் போகிறவர்கள் உலகத்தில் எங்கள் அமெரிக்க ஃபுட்பால் ஆட்கள்தான். ஒவ்வொரு ஜூலையும் பயிற்சி முகாம் தொடங்கும்போது அணியின் டாக்டர் எல்லோருக்கும் ஒரு ஞாபகப் பரீட்சை வைப்பார். சில வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார். சீசனில் தலையில் அடிபட்டால் அதே பரீட்சையை மறுபடி வைத்து ஜூலை மார்க்கோடு ஒப்பிடுவார்கள். மார்க் இறங்கியிருந்தால் வெளியே உட்கார வேண்டியதுதான். அதனால் ஜூலையிலேயே வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி வைத்துவிடுவார்கள். பிறகு எவ்வளவு கலங்கிப்போனாலும் மார்க் மட்டும் பழையபடியே இருக்கும். பெரிய மூளை!

என் புருஷன் கார்டெல் நடு லைன்பேக்கர். பந்தோடு வருகிறவனை இடித்துச் சாய்ப்பது பிழைப்பு என்றாலும், அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஞாபகசக்திதான். எதிரணி வரிசைகட்டி நிற்பதைப் பார்த்ததுமே என்ன செய்யப் போகிறார்கள் என்று சொல்லிவிடுவான். கோச்சின் குரல் உள்ளே கேட்கிற, பின்பக்கம் பச்சைப் புள்ளி ஒட்டிய ஹெல்மெட் தடுப்பாட்டத்தில் ஒருவனுக்குத்தான். எங்கள் அணியில் அது அவனுக்கு.

"இந்தத் தலைய வெச்சுக்கிட்டு முட்டாள் வேஷம் போடறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா, ஓபல்?" என்று கார்ன்பிரெட்டைப் பிய்த்துக்கொண்டே பீற்றிக்கொள்வான்.

போன நவம்பரில் ஒருவனுடைய முழங்கால் அவன் ஹெல்மெட்டில் மோதியது. விழுந்தவன் எழுந்து எதிரணிப் பக்கமாக நடந்தான். மைதான ஓரத்துக் கூடாரத்துக்குள் கூட்டிப்போய்ப் பரீட்சை வைத்தார்கள். ஜூலை மார்க்கேதான். மறுபடி இறங்கினான், கூட்டம் அவன் பேரைச் சொல்லிக் கத்தியது. அன்று வீட்டுக்குக் கார் ஓட்டியவன், நாங்கள் எப்போதோ காலிசெய்துவிட்ட அபார்ட்மெண்ட் வாசலில் போய் நிறுத்திச் சாவியைத் தேடினான்.

இந்த ஜூலை அவன் கிளம்பும்போது வழிமறித்தேன்.

"இந்தத் தடவை ஒழுங்கா சொல்லு."

"அப்புறம் ஒரு அடி விழுந்தா உக்கார வெச்சிடுவாங்கடி."

"உக்காரு. உக்காந்தா தேஞ்சா போயிடுவ?"

"இது கடைசி வருஷமா இருக்கலாம், ஓபல்."

"எனக்கு ஃபுட்பால் ராஜா வேணாம். வீட்டுக்கு வழி தெரிஞ்ச புருஷன் போதும்."

செத்துப்போன அம்மா மேல் சத்தியம் செய்துவிட்டுப் போனான்.

பரீட்சை முடிந்த சாயங்காலம் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது, ஆள் வரவில்லை. அடுப்பில் பன்றிக்கறி ஆறிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"ஒழுங்கா சொன்னியா?"

"சொன்னேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"'வருஷா வருஷம் எப்படியோ அப்படியே இருக்கே, கார்டெல். ஒரு மார்க்கு மாறல'ன்னு கை குடுத்தாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ பழைய வேலையத்தான் காட்டியிருக்க. அதுவும் அம்மா மேல சத்தியம் பண்ணிட்டு!"

"இல்லடி. நடிக்கல. எவ்ளோ முடியுமோ அவ்ளோ யோசிச்சேன். வரல."

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் அவன் போட்ட வேஷம் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அவனுக்கே பொருந்திவிட்டது. ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவன் அழுதுகொண்டிருந்ததால் நான் அழவில்லை.

"என்னை யாரும் நிறுத்த மாட்டாங்க, ஓபல். பேப்பர்ல நான் நல்லாத்தான் இருக்கேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு கார் ஸ்பீக்கரிலேயே கோச்சைப் போனில் கூப்பிட்டான்.

"கோச், பச்சைப் புள்ளி ஹெல்மெட்ட வேற யாருக்காவது குடுத்துடுங்க. நான் இனிமே ஆடல."

கோச் சிரித்தார். "என்னப்பா, விளையாடறியா? உன் மார்க்கு இப்பதான் என் கைக்கு வந்துச்சு. போன வருஷம் இருந்த அதே தலைதான் உனக்கு!"

கோச்சும் ஒரு காலத்தில் ஆடியவர். ஜூலையில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

"இந்தத் தடவை நான் நடிக்கல, கோச்."

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

"வீட்டுக்கு வந்து சேந்துட்டியாப்பா?" என்று கேட்டார்.

கார்டெல் வாசலை ஒருமுறை பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"சேந்துட்டான், கோச்," என்றேன் நான்.