தலையோடு ஒரு கோழி

பூய் சான் கோழியைக் கழுத்தில் பிடித்து மூன்றாவது முறையாக வெந்நீரில் முக்கியெடுத்தபோது, கூடத்திலிருந்து அத்தை கத்தினாள்.

"தண்ணி கொதிக்குதா பாரு! கொதிச்சா தோல் கிழிஞ்சிரும்!"

"கிழியல அத்தை."

"அண்ணன் படத்து முன்னால கிழிஞ்ச கோழிய வெச்சுராத!"

அன்று காலையில் இது இரண்டாவது கோழி. முதல் கோழியைத் தம்பி சீ கின் குவாங்சோ நகரத்திலிருந்து வாங்கி வந்திருந்தான். பளபளப்பான உறைக்குள், தலையும் காலும் இல்லாமல்.

"அப்பாவுக்குப் படைக்கிற கோழிடா. தலை எங்க?"

"கடையில இப்படித்தான்க்கா விக்கிறாங்க. தலைய யாரு சாப்பிடுறா?"

"சாப்பிடவா கேட்டேன்? படைக்கிற கோழி முழுசா இருக்கணும்டா."

கையில் துக்கப் பட்டையோடு அவளே சந்தைக்கு சைக்கிள் மிதித்தாள். துக்க வீட்டுக்காரி கடை முன்னால் நிற்பது கோழிக்காரிக்குப் பிடிக்கவில்லை. அகப்பட்டதைப் பிடித்து அறுத்து, இறகு பறித்து, வேகமாக அனுப்பிவிட்டாள். கொஞ்சம் கிழட்டுக் கோழி.

பூய் சான் அடுப்பை அணைத்துப் பானையை மூடினாள். இனி அரைமணி நேரம் அந்தச் சூட்டிலேயே வேகவேண்டும். யாரும் தொடக்கூடாது.

அப்பா நாற்பது வருஷம் ஆற்றில் அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகு ஓட்டியவர். வாதம் வந்து படுத்த இரண்டு வருஷமும் ஞாயிறுதோறும் அவருக்குக் கோழி வேண்டும். முதல் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடுவார். "ரெண்டு நிமிஷம் கூட வெந்திருச்சு," என்பார். அடுத்த வாரம், "ரெண்டு நிமிஷம் குறைச்சல்." முந்தாநாள் ஞாயிறும் அப்படித்தான் சொன்னார். அவள் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "இனிமே நீங்களே எந்திரிச்சு வேகவைங்க." மறுநாள் காலை அவள் கஞ்சியோடு போனபோது அவர் கண்ணைத் திறக்கவில்லை. தட்டைப் பிடுங்கியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"அக்கா, ஊதுவத்தி எங்க?"

"அலமாரி, மேல் தட்டு."

"அக்கா, என் செல்லுக்கு சார்ஜர்..."

"எனக்கென்னடா தெரியும்!"

திரும்பிப் பார்த்தால் அத்தை மூடியைத் திறந்து பானைக்குள் குனிந்திருந்தாள். ஆவி பூராவும் கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"வெந்திருச்சான்னு பாத்தேன். இன்னும் வேகலையே?"

நீங்களே வேகவைங்க என்ற சொல் பூய் சானின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை இறுக்கிக்கொண்டாள். மூடியை வாங்கிப் பானையை மூடிவிட்டு, அடுப்பை மறுபடி சிறிதாகப் பற்றவைத்தாள்.

பதினொரு மணிக்குக் கோழி, தலை நிமிர்ந்து, படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தது. தொடையோரம் ஒரு விரல் அளவு தோல் கிழிந்திருந்தது. அந்தப் பக்கத்தை அவள் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது மணி இரண்டு. எல்லோருக்கும் பசி. பூய் சான் வெட்டுக்கத்தியை எடுத்தாள். சீ கின் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சாயங்காலம் அப்பா எனக்குப் போன் பண்ணுவாரு, தெரியுமா?"

"தெரியாது."

"உன் கோழியப் பத்தித்தான் பேச்சே."

ஓங்கிய கத்தி நின்றது. "என்ன சொல்வாரு?"

"உனக்குக் கோழி வேகவைக்கத் தெரியவே தெரியாதுன்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புறங்கையால் வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. தோள்கள் குலுங்கின. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டியில் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை. சீ கின் பயந்துபோய் அவள் கையிலிருந்து கத்தியை வாங்கினான்.

"நீ தள்ளுக்கா. நான் வெட்டுறேன்."

அவன் வாழ்நாளில் கோழி வெட்டியதில்லை. மூட்டில் வெட்டாமல் எலும்பின் நடுவில் ஓங்கிப் போட்டான். எலும்பு நொறுங்கிச் சில்லு சில்லாகத் தெறித்தது. தோல் ஒருபக்கம், சதை ஒருபக்கம்.

"சரியாக்கா?" என்றான்.

பூய் சான் முகத்தைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள். சிதைந்த துண்டிலிருந்து எலும்புச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்தாள். பிறகு அந்தத் துண்டை எடுத்துத் தட்டின் நடுவில் வைத்தாள்.