கை மாறிய வண்டி

இந்த வாரமும் வார்டில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்த நர்ஸம்மாவுக்கு உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. லீவு முழுக்கத் தூங்கித் தீர்ப்பது என்றுதான் வைத்திருந்தாள். ஆனால் அவள் கணவர், லேத் பட்டறைக்காரர், வெளியூரில் இருக்கும் மகளைப் பார்க்க ரயிலில் வர மாட்டேன், பைக்கில்தான் போகணும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

கல்யாணமான புதிதிலிருந்தே அவருக்கு அந்தப் பைத்தியம் உண்டு. சிநேகிதர்களோடு கிளம்பிப் போவார். முகமெல்லாம் புழுதியும் வாயெல்லாம் பல்லுமாகத் திரும்பி வருவார். பிறகு பட்டறை வந்தது, மகள் வந்தாள், வண்டி கடைத்தெருவைத் தாண்டாமல் கிடந்தது. இப்போது தலை முக்கால்வாசி நரைத்த பிறகு, அதைப் பாகம் பாகமாகக் கழற்றித் துடைத்துப் பூட்டியிருந்தார். இந்தத் தடவை விட்டால் அப்புறம் முடியாது என்றார். ஏன் முடியாது என்று கேட்டதற்கு, வயசாகுதுல்ல என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் போனில் இருவரையும் சேர்த்துத் திட்டினாள். நர்ஸம்மாவுக்கு வாதாடவும் தெம்பில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

நகரத்தின் கடைசிக் கட்டடங்களும் பின்னால் போய், நெடுஞ்சாலை பாய் விரித்த மாதிரி முன்னால் நீண்டதும் அவர் ஆளே மாறிப்போனார். முதுகு நிமிர்ந்தது. ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தார். காற்று சட்டைக்குள் புகுந்து அவரை இரண்டு ஆளாக ஊதிக் காட்டியது. அவள் அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு, பாதித் தூக்கமும் பாதி விழிப்புமாகப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இடுப்பு விட்டுப்போனது. ஆனாலும் மனுஷன் இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை காலமாச்சு என்று தோன்றியது.

டீக்கடையில் நிறுத்தியபோது, பக்கத்தில் வைத்த கிளாஸை முழங்கையால் தட்டிவிட்டார். தூக்கக் கலக்கத்தில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச தூரம் போனதும் இடது பக்கத்து மண் ரோட்டிலிருந்து ஒரு ஸ்கூட்டர் ஏறி வந்தது. இவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஸ்கூட்டர்காரன் நிலைதடுமாறி நின்று, இவர்களுடைய ஏழு தலைமுறையையும் இழுத்தான். யாரைத் திட்டுறான் என்று அவர் கேட்டார். அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

அதன் பிறகு அவர் பின்தலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினால் போதும். அவர் கழுத்தோடு திருப்பினார். கண் வார்டில் அவள் வேலை பார்த்த காலத்தில், பக்கத்தில் இருக்கும் தண்ணீரை எடுக்கவே தலையை முழுசாகத் திருப்பித் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறாள். அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே வலது பக்கம் ஒரு லாரி ஒட்டி ஏறி வந்தது. இவரோ ஒன்றும் நடக்காததுபோல வலது பக்கமே சாய்ந்தார்.

"இடது பக்கம் ஒடிங்க!" என்று அவர் தோளைப் பிடித்துத் தள்ளினாள். லாரி ஹாரனோடு உரசாத குறையாகப் போனது. வண்டி மண்ணில் இறங்கி, ஒரு பஞ்சர் கடைக்கு முன்னால் குலுங்கி நின்றது.

இருவரும் கடை நிழலில் உட்கார்ந்தார்கள். அவள் தண்ணீர் குடித்தாள், அவருக்கும் கொடுத்தாள். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, எதிரே உட்கார்ந்து, தன் மூக்கை மட்டும் பார்க்கச் சொன்னாள். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி விரல்களை ஆட்டினாள்.

"என்ன தெரியுது?"

"உன் மூக்குத்தான் தெரியுது."

"கை?"

"கையை எங்க வச்சிருக்க?"

அவள் கையை இறக்கினாள். இனி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

"கண்ணுல பிரஷராம்" என்றார். "ஓரமெல்லாம் போயிடுச்சு. போனது திரும்பாதாம். மருந்து பட்டறையில இருக்கு, விடாம போட்டுட்டுதான் இருக்கேன். நேராப் பாத்தா நல்லாத்தான் தெரியுது. ரோடு நேராத்தானே போகுதுன்னு நினைச்சேன்."

கோபப்படக்கூட அவளிடம் சக்தி இல்லை. நோயாளிகளின் வீட்டுக்காரர்களிடம், இத்தனை நாள் கவனிக்காம என்ன பண்ணீங்க என்று கேட்டுக் கேட்டு வாய் புளித்தவள் அவள். வீட்டிலோ, இரவில் அவர் தூங்கினார், பகலில் இவள் தூங்கினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது பார்த்துக்கொண்டதுதான் குடும்பம்.

வண்டியை இங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போகலாம் என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. அவள் யோசித்தாள். தினமும் ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரில் போகிறவள்தான். கியர் வண்டி, கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் கற்றுக்கொடுத்தது.

"சாவியைக் கொடுங்க."

"கனமான வண்டிம்மா. உன்னால தாங்க முடியாது."

"உங்களையே தாங்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.

முதல் தடவை வண்டி முக்கிவிட்டு அணைந்தது. இரண்டாம் தடவை தவளை மாதிரி குதித்தது. பஞ்சர் கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கிளட்ச்சை மெதுவா விடுங்கக்கா என்றார். மெதுவாக விட்டாள். ரோட்டில் ஏறியது.

கொஞ்ச தூரம் வரை ரோட்டின் ஓரத்தை ஒட்டியே ஓட்டினாள். பிறகு கடைசி கியர் விழுந்ததும், அந்தப் பாரமெல்லாம் எங்கேயோ கரைந்து, வண்டி தானாக மிதந்தது. இதற்குத்தானா மனுஷன் இத்தனை வருஷம் ஏங்கினார் என்று நினைத்தாள். கண் எரிந்தது, தோள் வலித்தது, ஆனாலும் திருகிய கையைத் தளர்த்த மனம் வரவில்லை.

பின்னால் அவர் முதலில் கியர், பிரேக் என்று பாடம் எடுத்தார். ரொம்ப நேரம் கழித்து அவள் காதருகே குனிந்தார்.

"இடது பக்கம் என்ன இருக்கு?"

"ஒரு செங்கல் சூளை. புகை வருது."

"வலது பக்கம்?"

"ரெண்டு பொம்பளைங்க நடந்து போறாங்க. ஒருத்தி குடை பிடிச்சிருக்கா."

அப்படியே சொல்லிக்கொண்டு போனாள். ஒரு கட்டத்தில் தொண்டை வறண்டுவிட்டது. ஒண்ணுமில்லீங்க, வெறும் பொட்டல்தான் என்றாள்.

"அதையும் சொல்லு" என்றார்.

பொழுது சாய்வதற்குள் மகள் வீட்டு வாசலில் நின்றார்கள். அம்மா முன்னாலும் அப்பா பின்னாலும் வந்து இறங்கியதைப் பார்த்து மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கிளட்ச் பிடித்துப் பிடித்து நர்ஸம்மாவின் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. மகள் வெந்நீர் கொண்டுவந்து ஒவ்வொரு விரலாக நீவிப் பிரித்தாள். என்னம்மா ஆச்சு என்று கேட்டதற்கு, அப்பா சொல்லுவார் என்றாள்.

அவர் மகளைக் கூடத்தில் உட்காரவைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணிலிருந்து ஆரம்பித்தார். உள்ளே கட்டிலில் சாய்ந்தபடி நர்ஸம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கதை பஞ்சர் கடைக்கு வருவதற்குள் தூங்கிப்போனாள்.