ஜெயனி அடித்த மணி

கஜானன் இப்போது நெல்லியடியில் வேறொரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். அங்கே ஒரு பிள்ளையும் ஓடுவதில்லை. காலையில் மடிப்புக் கலையாத சேர்ட்டோடு போய், மத்தியானம் அதே மடிப்போடு திரும்பி வருகிற நாட்களில் அவனுக்குக் கொழும்புத்துறைப் பள்ளிக்கூடம் ஞாபகம் வரும்.

கொழும்புத்துறையில் அவன் விசேட கல்வி வகுப்பின் உதவியாளன். நியமனக் கடிதத்தில் கடமைகள் பதினொன்று இருந்தன. ஓடுவது அதில் இல்லை. வருடம் முழுக்க அவன் செய்தது அதைத்தான். காரணம், ஜெயனி. எட்டு வயது. பேச்சு வராது, படம் காட்டினால் எல்லாம் விளங்கும். ஆனால் மாமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டில் மணி அடித்தால் போதும், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கேற்றைத் தாண்டி வீதியில் நிற்பாள்.

மூன்றாம் முறை அவள் ஓடியபோது ஓட்டோ ஒன்று பிறேக் போட்ட சத்தம் பள்ளிக்கூட அதிபர் பத்மாவதியின் அறைவரை கேட்டது.

"தம்பி, இன்னொருக்கா உவள் ஓடினால் பேரை வெட்டிப்போடுவன். றோட்டிலை ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

ஜெயனியின் தாய் லூர்த்தம்மா கஜானனிடம் வந்து நின்றாள். "மூண்டு பள்ளிக்கூடம் ஏறி இறங்கீட்டன் சேர். இஞ்சையும் இல்லையெண்டால் இவள் வீட்டுச் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்."

கஜானன் இரவெல்லாம் யோசிக்கவில்லை. தேநீர் குடிக்கும்போதே யோசனை வந்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் வருகிற சத்தம்தானே பயம்? அதை அவள் கையிலேயே கொடுத்துவிட்டால்?

காவலாளி பஞ்சலிங்கம் இருபத்திரண்டு வருடமாக மணியடிக்கும் சுத்தியலை யாரிடமும் கொடுத்ததில்லை.

"நாளைக்கு அதிபரின்ரை கதிரையையும் கேப்பீர் போல?"

"இடைவேளை மணி மட்டும் அண்ணை. ரண்டே ரண்டு அடி."

"மூண்டாவது விழுந்தால் சுத்தியல் என்ரை கையிலை. சொல்லிப்போட்டன்."

கஜானன் படம் கீறினான்: ஒரு சுத்தியல், ஒரு மணி, சிரிக்கிற ஒரு பிள்ளை. ஒரு கிழமை பால்மா டின்னில் பழக்கினான்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. ஜெயனி ஓர் அடி அடித்தாள். கண்கள் விரிந்தன. இரண்டாவது அடித்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டு நின்றதில் கஜானன் தடுக்க மறந்தான். பஞ்சலிங்கமும் வாயைத் திறந்தபடி நின்றார். மூன்று, நாலு, பத்து, இருபது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓயாமல் மணி அடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். பத்து மணிக்கே விடுகிறார்களே என்று சந்தேகப்பட ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. போன மாதத்து அனர்த்த ஒத்திகையில் பதினாறு நிமிடம் எடுத்த, பள்ளிக்கூடத்தை வெறுமையாக்கும் வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. கணக்கு வாத்தியார் எல்லோருக்கும் முதலில் சைக்கிளில் ஏறினார்.

அதிபர் முற்றத்துக்கு வந்தபோது வெறும் முற்றம்தான் இருந்தது.

"ஆர் அடிச்சது?"

"நான்தான் ரீச்சர்," என்றார் பஞ்சலிங்கம். "வயசு போட்டுது. நேரம் பிழைச்சுப்போச்சு."

சுத்தியல் ஜெயனியின் கையில் இருந்தது. அதிபர் அதைப் பார்த்தார். பொத்தாத காதுகளைப் பார்த்தார். பிறகு, திறந்து கிடந்த கேற்றை நெடுநேரம் பார்த்தார்.

"ஓடினால் பேரை வெட்டுவன் எண்டு சொன்னனான்," என்றார்.

கஜானன் ஜெயனியை ஒட்டிப் போய் நின்றான்.

"அப்ப முன்னூற்றுப் பன்னிரண்டு பிள்ளையளின்ரை பேரை வெட்டவேணும். உவள் ஒருத்திதான் மிச்சம்." போகிறபோது திரும்பினார். "பஞ்சலிங்கம் அண்ணை, வயசு போனாலும் பரவாயில்லை. நாளைக்கு எண்ணி அடிக்கச் சொல்லுங்கோ."

சுத்தியலை வாங்குவதற்குப் பஞ்சலிங்கம் கையை நீட்டினார். ஜெயனி கொடுக்கவில்லை.