தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

அக்கா, இது அம்மாவின் போன், எழுதுவது நான்தான். உன் நம்பர் இதில் 'தையல் கடை' என்ற பெயரில் இருக்கிறது. அம்மாவே காட்டினாள். தயவுசெய்து கூப்பிடாதே, மணி அடித்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். படி, போதும்.

நானும் அம்மாவும் புது வீட்டில் இருக்கிறோம். வேலை முடியாத வீடு, கரண்ட் இல்லை. வாசல் கதவு வெளியே பூட்டியிருக்கிறது.

நீ கல்யாணம் பண்ணிக்கொண்டு போன பிறகுதான் அப்பா இந்த வீட்டை ஆரம்பித்தார். ஒவ்வொரு சுவரும் அவர் சொன்னபடி. கட்டுகிறவர் அத்தை வீட்டைக் கட்டிய அதே கான்ட்ராக்டர். அப்பா வாயைத் திறந்தால், "அவன் நம்ம ஆளு, கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்" என்பார். அம்மாவும் நம்பினாள். சமையல் மேடை கட்டும்போது கான்ட்ராக்டர் அவளை நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, குனியாமல் காய் நறுக்குகிற உயரத்துக்கு அளந்தாரே! நம் வீட்டில் அம்மாவின் முதுகுவலியைப் பற்றி யோசித்த முதல் ஆள் அவர்தான். நானும் நம்பினேன்.

போன வாரம் என் அறைக்குக் கதவு மாட்டினார்கள். உட்பக்கம் வழுவழுவென்று வெறும் பலகை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். மற்ற அறைகளுக்கெல்லாம் உள்ளேதான். தச்சர் மறந்துபோய் மாற்றி அடித்துவிட்டார் என்று நினைத்துக் கேட்டேன். "அப்பாவைக் கேளும்மா" என்று இழைப்புளியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம்தான் என் ஜன்னலைப் பார்த்தேன். நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாது. உஷ்ணக் காற்று மேலேதான் போகும், அதனால்தான் அந்த உயரம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

கான்ட்ராக்டரை மாடிப்படியில் தனியாகப் பிடித்தேன்.

"அட, இதுக்கா பாப்பா மூஞ்சை இப்படி வெச்சிருக்க? தாழ்ப்பாள்தானே, திருப்பிப் போட்டா போச்சு. மாமா பாத்துக்கறேன்."

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க மாமா."

"சேச்சே. என் வாய்ல இருந்து ஒரு வார்த்தை வராது."

இன்று சாயங்காலம் எல்லோரும் வேலையைப் பார்க்க வந்தோம். என் அறை வாசலில் நின்று அவர் சிரித்தார்.

"அண்ணே, பாப்பா தனியா ஒரு ஆர்டர் குடுத்திருக்கு. தாழ்ப்பாளை உள்ள மாத்தணுமாம். உங்களுக்குத் தெரியக் கூடாதாம்!"

அப்பா சிரிக்கவில்லை. "உள்ள பூட்டிக்கிட்டு யார்கூடப் பேசப் போற?"

"யார்கூடவும் இல்லப்பா."

"பெரியவளும் இப்படித்தான் பூனை மாதிரி இருந்தா. சட்டி காலியானப்புறம்தான் தெரிஞ்சுது பால் போனது."

"அண்ணன் உன் நல்லதுக்குத்தான் சொல்றாரு பாப்பா," என்றார் கான்ட்ராக்டர்.

"ஒரு வார்த்தை வராதுன்னு சொன்னீங்களே மாமா?"

அப்பா கையை ஓங்கிவிட்டார். அது இறங்குவதற்குள் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போய் நடுவில் நின்றாள்.

"போடுங்க."

"என்னத்தை?"

"தாழ்ப்பாளை. பாத்துப் பாத்துக் கட்டின வீடாச்சே, வேலை செய்யுதான்னு பாக்க வேணாமா? தம்பி, சமையல்கட்டுக்கு என்னை நிக்க வெச்சு அளந்தீங்கல்ல, இதையும் நாங்க உள்ள இருக்கும்போதே அளந்துக்கங்க."

அப்பாவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கதவு படாரென்று மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. புதுசு அல்லவா, ரொம்பச் சுலபமாக விழுந்தது.

"மன்னிப்புக் கேளு, திறக்கறேன்!"

அம்மா முந்தானையால் தரையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு வார்னிஷ் நெடியில் மூச்சு முட்டியது. கதவில் வாயை வைத்து, "மாமா, நீங்களாவது திறங்க" என்றேன். மரத்துக்கு அந்தப் பக்கம், மிகக் கிட்டத்தில், அவர் குரல்:

"அண்ணன் சொல்லட்டும் பாப்பா."

கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான், அக்கா. அவர் நம்ம ஆளு இல்லை. அப்பாவின் ஆளு.

கீழே பெயின்டர்கள் பேச்சை நிறுத்திக் காது கொடுத்திருக்க வேண்டும். அவமானம் தாங்காமல்தான் அப்பா திறந்தார். அம்மா எழுந்திருக்கவில்லை.

"இந்தத் தாழ்ப்பாள் கதவை விட்டு இறங்காம நான் இந்த ரூமை விட்டு இறங்க மாட்டேன்."

"இத்தனை வருஷம் என் சோத்தைத் தின்னுட்டு எனக்கே சட்டம் பேசறியா?"

"நீங்க தின்ன சோறு தானா வெந்துச்சா?"

அப்பா என்னைப் பார்த்தார். "நீ வர்றியா, இல்லையா?" என் கால்கள் கிளம்பத்தான் பார்த்தன. அம்மா என்னைப் பிடிக்கவில்லை, பார்க்கக்கூட இல்லை. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"கிடங்க ரெண்டு பேரும். ஒரு பல்லி கத்தினா தானா அலறிக் கூப்பிடுவீங்க!"

பெயின்டர்களை அனுப்பிவிட்டு அப்பாவும் கான்ட்ராக்டரும் வாசலுக்கு வெளியே போனார்கள்; அறைக் கதவு திறந்தே கிடந்தது. "அண்ணே, உள்ள ஆளுங்க இருக்காங்களே..." என்று கான்ட்ராக்டர் இழுப்பது கேட்டது. "பூட்டுடா" என்றார் அப்பா. பூட்டினார். சரியாக விழுந்ததா என்று இழுத்தும் பார்த்தார். வேலையில் குறை வைக்காத ஆள்.

இருட்டியதும் அம்மா இடுப்பிலிருந்து பீரோ சாவியை எடுத்தாள். அதன் முனை ஸ்க்ரூ தலையில் பொருந்துகிறது. முக்கால்வாசி கழற்றியாயிற்று. அவள் விரலில் தோல் உரிந்துவிட்டது, இப்போது ஊதிக்கொண்டிருக்கிறாள். அந்த இடைவெளியில்தான் உனக்கு எழுதுகிறேன்.

"காலைல வந்து திரும்ப அடிப்பார்மா" என்றேன்.

"அதே ஓட்டைல ஸ்க்ரூ நிக்காது."

"வேற ஓட்டை போடுவார்."

"போடட்டும். கதவு சல்லடை ஆகட்டும். எத்தனை தடவை போடறாரோ அத்தனை தடவை கழட்டறேன்."

அவளுக்குப் பயமே இல்லாத மாதிரி பேசுகிறாள். எனக்கு அப்படி இல்லை, அக்கா. அப்பா வந்து இந்த வெறும் கதவைப் பார்க்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்து வாசல் பக்கமே காது வைத்திருக்கிறேன். நீ வந்தால் அவருக்கு இன்னும் வெறி ஏறும், தெரியும். ஆனாலும் அவர் வருவதற்குள் நீ வாசலில் நின்றால் போதும். உள்ளே வரக்கூட வேண்டாம்.

அம்மா வெளிச்சத்துக்குப் போனைக் கேட்கிறாள். கடைசி ஸ்க்ரூ அசைய மாட்டேன் என்கிறதாம். அனுப்பிவிட்டு லைட் பிடிக்கப் போகிறேன்.