மற்ற நாலு விடைகள்

பயிற்சி மையத்தில் அவளை எல்லோரும் வரிசை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் வருகிற வரிசைப் புதிர்கள்தான் அவள் பாடம். மருத்துவரைப் பார்க்க ஏழு பேர் காத்திருக்கிறார்கள், தையல்காரி ஓட்டுநருக்கு முன்னால் போக வேண்டும், காவலாளி கடைசியாகப் போகக் கூடாது, அப்படியானால் மூன்றாவதாக யார் போகலாம் என்று கேட்டுக் கழுத்தை அறுப்பார்களே, அதேதான். அவள் பலகையில் ஏழு கட்டம் போட்டு, கண்டிப்பான நிபந்தனையை முதலில் உட்கார வைத்து, அரை நிமிடத்தில் முடித்துவிடுவாள்.

அவளுக்கும் சட்டம் படிக்க வேண்டும். சும்மா ஆசை இல்லை, வெறி. வீட்டில் உட்கார்ந்து படிப்பதற்குப் பதிலாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே படிக்கலாம் என்றுதான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் இங்கே சேர்ந்தாள். வந்தது வினை. அவள் தேர்வுக்கு உட்கார வேண்டிய மாதம்தான் மையத்தில் காலை முதல் மாலை வரை வகுப்பு நடக்கிற மாதம். வருஷா வருஷம் முதலாளி தேனொழுகப் பேசுவார், இந்த ஒரு பேட்சை மட்டும் கரையேற்றிவிடு, அடுத்த வருஷம் நீ எழுது என்பார். இவளும் தலையாட்டித் தொலைத்தாள். அவளிடம் படித்தவர்கள் வக்கீலாகி, கறுப்புக் கோட்டோடு தெருவில் நின்று நலம் விசாரித்தார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இப்போது முப்பத்தைந்து வயது. அதற்கு மேல் விண்ணப்பமே வாங்க மாட்டார்கள். இதை விட்டால் விட்டதுதான். அதனால் இந்தத் தடவை முதலாளி முகம் சுருங்கியும் அவள் மசியவில்லை, பதினைந்து நாள் விடுப்பு எடுத்தாள். ஏ.சி. மெக்கானிக்கான அவள் கணவன் அந்தப் பதினைந்து நாளும் அடுப்படிப் பக்கம் அவளை வரவிடவில்லை.

வகுப்பில் அவள் தொண்டை கிழியச் சொல்வது ஒன்று உண்டு. எது நடக்கலாம் என்று கேட்டால், ஐந்து விடையில் நடக்கிற மாதிரி ஒன்று கிடைத்த உடனே குறித்துவிட்டுப் போய்க்கொண்டே இரு, மற்ற நாலையும் திரும்பிப் பார்க்காதே. பிள்ளைகளுக்கு அது சரி. அவளுக்கு? அவள் பலகையில் சரியான விடையை வட்டமிட்டதுமே கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை எழும், நாலாவது ஏன் மிஸ் வராது என்று. ஏன் வராது என்று காட்டாமல் அவள் ஒரு கேள்வியைக்கூட அழித்ததில்லை. ஒரு நாளைக்கு நாற்பது கேள்வி, பதினோரு வருஷம்.

தேர்வுக் கூடத்தில் வரிசைப் பகுதிக்கு நாலு புதிர், இருபத்தைந்து கேள்வி, முப்பத்தைந்து நிமிடம். முதல் கேள்விக்கு இரண்டாவது விடை சரி என்று இருபது நொடியில் தெரிந்துவிட்டது. குறித்தாள். அடுத்ததற்குப் போக வேண்டியதுதானே? போகவில்லை. பென்சில் தன்பாட்டுக்கு ஓரத்தில் இறங்கி, முதல் விடை ஏன் வராது என்று எழுதியது. பிறகு மூன்று, நாலு, ஐந்து. கேட்க அங்கே எந்தக் கையும் எழவில்லை. இவளானால் நன்றாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவி.

மூன்றாவது புதிரின் நடுவில் கடிகாரத்தைப் பார்த்தாள். முக்கால்வாசி நேரத்துக்கு மேல் போயிருந்தது. போதும், விடு விடு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கை கேட்டால்தானே! மணி அடிக்கும்போது நாலாவது புதிரின் ஏழு கேள்வியும் தொடாமல் கிடந்தன. கண்ணை மூடிக்கொண்டு எதையாவது குறித்திருக்கலாம், தப்புக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. காரணம் தெரியாத விடையைக் குறிக்க அவளுக்கு மனசு வரவில்லை. கண்காணிப்பாளர் தாளை உருவிக்கொண்டு போனார்.

இரண்டே மதிப்பெண்ணில் இடம் போயிற்று. கணவன் முடிவைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, எழுதின பதினெட்டில் ஒன்றுகூடத் தப்பில்லை என்று தேற்றப் பார்த்தான்.

"தெரியாமப் போயிருந்தா மனசு ஆறிடும்ங்க," என்றாள். "எல்லாம் தெரிஞ்சும் போச்சே."

திங்கட்கிழமை மையத்துக்குப் போனாள். முதலாளி முகமெல்லாம் பல். விளம்பரத்தட்டிக்கு வாசகம் எழுதி வைத்திருந்தார்: எழுதியதில் ஒன்றுகூடத் தப்பில்லை, இவர்தான் எங்கள் வரிசை மிஸ்.

"எழுதாம விட்டது ஏழுன்னும் சேத்துப் போடுங்க சார்."

"அதெல்லாம் யாரும்மா கேக்கப் போறா? உன் ஃபோட்டோ ஒண்ணு குடு, இன்னிக்கே அச்சுக்குப் போகணும்."

அவள் கைப்பையைத் திறந்தாள். கல்லூரியில் சேரும்போது கேட்பார்கள் என்று, தேர்வுக்கு முன்பே எடுத்து வைத்திருந்த ஆறு படங்கள் ஸ்டுடியோ உறையில் அப்படியே இருந்தன. உறையோடு மேசையில் வைத்தாள்.

"எல்லாத்தையும் வெச்சுக்கோங்க சார். எனக்கு இனி வேண்டாம்."