பவர் எடுத்த இம்பாலா

சிவகாசி சண்முகவேல் முதலாளியின் இம்பாலா கார் எந்த மாப்பிள்ளையை ஏற்றினாலும், முதலில் சாத்தூரில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டுத்தான் கல்யாண மண்டபத்துக்குப் போகும். விருதுநகரில் கல்யாணமென்றாலும் அப்படித்தான், அடுத்த தெருவில் கல்யாணமென்றாலும் அப்படித்தான். ஊரில் யாரும் இதை அதிசயமென்று சொல்லவில்லை. பெட்ரோல் கூடுதலாகிறது என்றுதான் சொன்னார்கள். அந்த வீட்டில் இருந்தவள், காரை ஓட்டிய பொன்மணியின் மகள் இசைவாணி. சொல்லாமல் கொள்ளாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு சாத்தூருக்குப் போனவள். அன்றைக்கே பொன்மணி குழாயடியில் நின்று, எனக்குப் பிள்ளையே பிறக்கவில்லை என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். அதன் பிறகு மகளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பொன்மணி சாதாரணப் பொம்பளை இல்லை. தாவணி வயசிலிருந்து பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணக் குழாய்க்கு மண் இடித்தவள். தோள் அப்போதே இறுகிவிட்டது. பிறகு லோடு வேன் ஓட்டக் கற்றுக்கொண்டாள். தீபாவளி சீசனில் பட்டாசுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தாயில்பட்டி மண்பாதையில் அவள் ஓட்டி வருகிற நிதானத்தைப் பார்த்துத்தான் முதலாளி கல்யாணக் காரின் சாவியைக் கொடுத்தார். இம்பாலா கப்பலில் வந்து இறங்கிய காலத்திலேயே பவர் ஸ்டியரிங் வண்டி. சுண்டுவிரலால் சுற்றலாம். அந்த லேசுதான் வினையாயிற்று. பொன்மணி நேரே போகத்தான் பார்ப்பாள், கையும் நேரேதான் இருக்கும். ஸ்டியரிங் மட்டும் தண்ணீரில் போட்ட இலை மாதிரி மெல்லத் திரும்பும்.

“யக்கா, மாப்பிள்ளை நாந்தான். என்னைய எங்கன கொண்டு போறீக?” என்று பட்டுவேட்டியோடு பின்சீட்டிலிருந்து அலறியவர்கள் பலர். இசைவாணி முதலில் பயந்தாள். பிறகு பழகிவிட்டது. முகூர்த்த நாளென்றால் குளித்து, வாசல் தெளித்து, சொம்பில் தண்ணீரோடு நிற்பாள். மாப்பிள்ளை குடிப்பார், மாப்பிள்ளைத் தோழன் குடிப்பான். பொன்மணி எஞ்சினை அணைக்காமல் பானெட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் இசைவாணி, “யம்மா, நீயும் ஒரு வாய் குடியேன்” என்றாள். பொன்மணி ஹாரனை அடித்தாள். அதுதான் பதில்.

ஒரு தை மாத முகூர்த்தம் தவறிப்போனதும் பெண்வீட்டார் முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவர் பொன்மணியைக் கூப்பிட்டார். “இன்னொரு மாப்பிள்ளை சாத்தூர்ல தண்ணி குடிச்சான்னு கேள்விப்பட்டேன்னா, சாவிய வச்சிட்டுப் போயிரு” என்றார். பொன்மணி வண்டியை விருதுநகர் மெக்கானிக் காளீஸ்வரனிடம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

காளீஸ்வரன் ஸ்டியரிங்கை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தான். “வண்டியில கோளாறு இல்லக்கா. ரொம்ப லேசா இருக்கு. கை சொல்றதுக்கு முந்தி மனசு சொல்றதக் கேட்டுருது.”

“என் மனசு ஒண்ணும் சொல்லல.”

“சரி, சொல்லல. பவர எடுத்துருவமா? கல்லு மாதிரி இருக்கும், பாத்துக்கோங்க.”

“நான் பாக்காத கல்லா? எடுலே.”

ஸ்டியரிங்குக்குப் பவர் கொடுக்கும் பம்பைக் கழற்றினான், பெல்ட்டை எடுத்தான், எண்ணெய் ஓடும் ஹோஸ்களை அறுத்தான். பம்பை மட்டும் கழற்றினால் பழைய பாக்ஸ் சண்டித்தனம் பண்ணும் என்று, மதுரைப் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்து, கையால் திருப்புகிற ஸ்டியரிங் பாக்ஸையே மாட்டினான். வட்டம் பெரிதான ஸ்டியரிங் ஒன்றையும் போட்டுக் கொடுத்தான். “நின்ன இடத்துல திருப்பாதீக, திரும்பாது. கொஞ்சமாவது உருளணும். உருண்டா வழிக்கு வரும்” என்றான்.

அதன் பிறகு வண்டி ஒழுங்காயிற்று. மாப்பிள்ளைகள் நேரத்துக்கு மண்டபம் சேர்ந்தார்கள். ஆண் டிரைவர்கள் இருவர் பந்தயம் கட்டி ஏறி, மண்டப வாசலில் ஒரு திருப்பு திருப்புவதற்குள் மூச்சு வாங்கி இறங்கினார்கள். பொன்மணி பூமாலை தொங்கும் அந்தக் கப்பல் மாதிரியான காரை வெற்றிலை போட்டபடி வளைத்து நிறுத்துவாள். புஜம் திரண்டதில் ரவிக்கைக் கையைப் பிரித்துப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. சாத்தூருக்குப் பாதை பிரியும் விலக்கு வரும், போகும். வண்டி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. பார்த்தது பம்பு. காளீஸ்வரன் பட்டறை அலமாரியில் கிடந்த அது, எப்படித் திருப்பி வைத்தாலும் விடியும்போது சாத்தூரைப் பார்த்தே இருந்தது. அவன் போன் போட்டுச் சொன்னான். “இரும்பு எங்கிட்டோ பாக்கட்டும், ஒனக்கென்ன?” என்று பொன்மணி வைத்துவிட்டாள். இசைவாணியும் முகூர்த்தந்தோறும் சொம்போடு நின்றாள். அவளுக்கு வயிறு மேடிட்டிருந்தது. கார் வரவில்லை.

ஆவணியில் கோவில்பட்டி மாப்பிள்ளையை இறக்கிவிட்டு, பொன்மணி வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். சாத்தூர் விலக்கில் வேகத்தைக் குறைத்தாள். வண்டி நேரேதான் உருண்டது. சாக்குச் சொல்ல இனி அதில் ஒன்றும் இல்லை. அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். புஸ்வாண மண் இடித்த தோள் முழுக்க அதில் இறங்கியது. சுற்றச் சுற்ற, வண்டி கொஞ்சங்கொஞ்சமாகச் சாத்தூர்ப் பக்கம் மூக்கை வைத்தது. தெரு முனையில் முன்னே, பின்னே, முன்னே என்று உருட்டி உருட்டி ஒடித்தாள். தெருவே வெளியே வந்து வாயைப் பிளந்தது. நெற்றியில் வேர்வை வழிய, வாசலில் நிறுத்தி, முதன்முறையாக எஞ்சினை அணைத்தாள்.

நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு இசைவாணி வந்தாள். பின்சீட்டில் மாப்பிள்ளை இல்லை. “யம்மா, வண்டி மறுபடியும் தானா வந்துருச்சா?”

“பவர எடுத்தாச்சு ஏட்டி” என்றாள் பொன்மணி. “நாந்தான் திருப்புனேன். தண்ணி கொண்டா. கையெல்லாம் விட்டுப்போச்சு.”

சொம்பு காலியானதும், பேறுகாலத்துக்கென்று மகளைப் பின்சீட்டில் ஏற்றிச் சிவகாசிக்குக் கூட்டிப்போனாள். மறுநாள் காலை காளீஸ்வரன் பட்டறையைத் திறந்தபோது, அலமாரியில் பம்பு சிவகாசிப் பக்கம் திரும்பியிருந்தது. அவன் அதைத் துணியால் துடைத்து அப்படியே வைத்துவிட்டு, பிரேக் சரியில்லை என்று வந்து நின்ற மிளகாய் லாரிக்கு ஜாக்கி போட்டான்.