உதடு அசைந்ததா

பதினோரு நாளாக என் மூக்குக் கண்ணாடிக் கடையிலேயே படுத்துக்கொண்டிருந்தேன். வீடு ஆறு நிமிட நடைதான். புது மெஷின் வருகிறது, இடம் ஒழிக்கிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். முதல் நாள் நம்பினாள். மறுநாளிலிருந்து போனில் "ம்" மட்டும்தான்.

நடந்தது இதுதான். ஒரு காலையில் நான் பில் கட்ட மறந்ததை அவள் குத்திக்காட்டிக்கொண்டிருந்தபோது, தலாக் என்ற சொல் என் மனத்துக்குள் வந்து நின்றது. நான் கூப்பிடவில்லை, வாய்விட்டுச் சொல்லவுமில்லை. கடைக்கு வந்த பிறகு ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. உதடு அசைந்ததா? அசைந்திருந்தால் சொன்னதாகிவிடும். சொன்னதாகிவிட்டால், இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கடைக் கண்ணாடி முன் நின்று, அந்தச் சொல்லை மனத்துக்குள் மட்டும் நினைத்தேன். கீழுதடு துடித்த மாதிரி இருந்தது. உறுதி செய்ய இன்னொரு முறை நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஒரு முறை என்றால் திரும்பச் சேர வழி உண்டு, மூன்று என்றால் கிடையாது. சோதிக்கப் போய் நானே மூன்றாக்கிவிட்டேனோ?

பன்னிரண்டாம் நாள் பிற்பகல், பள்ளிவாசலில் பாடம் நடத்தும் ஆலிம் வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். பொடி எழுத்து கலங்குகிறதாம். உள்ளறையில் உட்கார வைத்து, லென்ஸ் மாற்றிப் பார்க்கும் கனத்த ஃப்ரேமை மூக்கில் மாட்டினேன்.

"இது தெளிவா, இதுவா?"

"முதல்ல போட்டது. இல்ல இல்ல, ரெண்டாவது. இருங்க பாய், திரும்பக் காட்டுங்க."

நான்காம் முறைக்குப் பிறகு கையைத் தூக்கிவிட்டார். "வந்தப்பவாவது ஏதோ தெரிஞ்சுது. மாத்தி மாத்திக் காட்டி எல்லாத்தையும் மங்கலாக்கிட்டீங்க."

"எல்லாரும் அப்படித்தான் ஹஜ்ரத். பார்க்கப் பார்க்கக் குழம்பும். முதல்ல சொன்னதைத்தான் நான் எழுதுவேன்."

குறிப்பதற்காகப் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. அந்த லென்ஸ் வழியே என் முகம் அவருக்குச் சரியாகத் தெரியாது என்பதே ஒரு தைரியம்.

"ஷைத்தான்னா என்ன ஹஜ்ரத்?"

"கண்ணு டெஸ்ட்ல இதெல்லாம் கேப்பீங்களா?" சிரித்தார். நான் சிரிக்காததைக் கவனித்திருக்க வேண்டும். "பெரிய ஆலிம்களுக்குள்ளயே ஒரே பேச்சு இல்ல பாய். ஷைத்தான்களுக்குத் தலைவன் இப்லீஸ், அவன் மலக்குகள்ல, அதான் வானவர்கள்ல, ஒருத்தனா இருந்தான்னு சிலர். இல்ல, மலக்குகள் இறைவனுக்கு மாறு செய்ய மாட்டாங்க, அவன் நெருப்புல படைச்ச ஜின்னுதான்னு மத்தவங்க. ஷைத்தான்ங்கறது தனி இனமில்ல, வழிதவறி வம்பு பண்ற ஜின்னு, மனுஷன் ரெண்டு பேருக்கும் பொதுப்பேருன்னும் சொல்லுவாங்க. மனுஷன் ரத்தத்துல அவன் ஓடுறான்னு நபி சொன்னதை அப்படியே எடுத்துக்கிட்டவங்க உண்டு. அவ்வளவு கிட்ட இருக்கான்னு அர்த்தம் பண்ணவங்களும் உண்டு."

"எதுலதான் ஒத்துப்போறாங்க?"

"கையைப் பிடிச்சு இழுக்க அவனால ஆகாதுங்கறதுல. காதுல ஓதுவான், கூப்பிடுவான். அதுக்கு மேல அதிகாரம் கிடையாது. மனசுல வந்ததுக்கு, வாய் பேசாத வரைக்கும் அல்லாஹ் நம்மளைக் குத்தம் பிடிக்க மாட்டான்."

"உதடு அசைஞ்சிருந்தா? தெரிஞ்சவர் ஒருத்தர் கேட்டார்."

ஃப்ரேமுக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"அந்தத் தெரிஞ்சவர் வீட்டுக்குப் போய் எத்தனை நாளாச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணாடி முன் நின்றதையும் சேர்த்து. அவர் சிரிக்கவில்லை. சுவரில் எழுத்து அட்டையின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"உதடு அசைஞ்சதுன்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

"முடியாது."

"கல்யாணம் நடந்ததுன்னு?"

"அதுக்குத்தான் ஊரே சாட்சியாச்சே."

"அப்ப உறுதியானது கல்யாணம்தான். சந்தேகம் வந்து உறுதியைக் கலைக்காது. இந்த வஸ்வாஸ்ல, ஷைத்தான் ஊதுற சந்தேகத்துல, மாட்டினவன் வாயில அரைகுறையா வந்துட்டாக்கூட, அவன் மனசார நினைக்கலைன்னா செல்லாதுன்னு சொன்ன ஆலிம்கள் இருக்காங்க." ஃப்ரேமைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இன்னொன்னு. இப்லீஸ் தண்ணி மேல சிம்மாசனம் போட்டு, ஆளுங்களை அனுப்புவானாம். ஒவ்வொருத்தனும் வந்து அதைச் செஞ்சேன், இதைச் செஞ்சேன்னா, நீ ஒண்ணும் கிழிக்கலன்னுடுவானாம். புருஷன் பொண்டாட்டியைப் பிரிச்சிட்டு வந்தவனை மட்டும் பக்கத்துல சேர்த்துக்குவானாம். பதினோரு நாளா அந்த வேலையை நீங்க பார்த்துக் கொடுத்திருக்கீங்க பாய். சம்பளமில்லாம."

இத்தனை நாளும் இதை நான் மார்க்கப் பேணுதல் என்று நினைத்திருந்தேன். அல்லாஹ்வுக்குப் பயந்து அவளை விட்டு விலகியிருப்பதாக. அந்தப் பயம் யாருக்கு உதவியது என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

"இது திரும்ப வரும்," என்றார் எழும்போது. "வந்தா பதில் சொல்லிக்கிட்டு நிக்காதீங்க. கையில இருக்கிற வேலையைப் பாருங்க. தாங்க முடியலைன்னா மனநல டாக்டரையும் பாருங்க. அதுல ஒரு குறையும் இல்ல."

நான்கு மணிக்கு ஷட்டரை இறக்கினேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின் வந்தாச்சா?"

"மெஷின் எதுவும் இல்ல."

நடந்ததை நின்றபடியே சொன்னேன். 'அந்த வார்த்தை' என்று மட்டும்தான் சொன்னேன். அவள் மூன்று சட்டைகளை மடித்து அடுக்கினாள். பிறகு சொன்னாள்.

"எவளோ ஒருத்தின்னு நெனச்சேன். நம்ம தெருவுல ஒருத்தியையும் விடாம நெனச்சுப் பார்த்துட்டேன். கடைசியில உங்க உதடா?"

"பயந்துட்டேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல. அன்னிக்கு உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டேதானே திட்டினேன்."

உலகத்திலேயே அந்தக் காலை என் உதட்டைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அசைந்ததா? ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவாள். கேள்வி தொண்டை வரை வந்துவிட்டது. இல்லை என்பாள். சரியாகப் பார்த்தாயா என்பேன். அப்புறம் இன்னொரு கேள்வி.

"என்னமோ கேக்க வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல."

பெரிய போர்வையின் ஒரு நுனியை அவள் நீட்டிக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்று வாங்கிக்கொண்டேன்.